தோழமைக் கல்வி

யூதர் தங்கள் தல்மூத் நூலை இருவர் எதிரெதிரே அமர்ந்து வாதிட்டுக் கற்பது தொன்று தொட்ட வழக்கம். இம்முறைக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். தோழமை என்பது பொருள்.

3ஆம் நூற்றாண்டில் திபேரியாவில் கற்பித்த யோகனான் என்னும் அறிஞர், வாதமொன்றிலே தம் தோழர் ரேஷ் லாக்கீஷைச் சுடுசொல்லாற் புண்படுத்தினார். தோழர் நோயுற்று மாண்டார் எனத் தல்மூத் கூறும். ஆறுதலளிக்க வந்த புதியவரோ, யோகனான் உரைத்த அனைத்தையும் சான்று காட்டி ஆமோதித்தார். துயரம் பெருகிற்று. பழைய தோழர் ஒரு கூற்றுக்கு 24 தடைகள் எழுப்புவார். அவற்றுக்கு 24 விடைகள் கூறுகையிலேயே பொருள் விரியும். ஆமோதிப்பவரால் அது கைகூடுமா? தோழரைக் கூவியழைத்துப் புலம்பியே யோகனானும் மறைந்தார்.

அதே தோழமைச் சொல்லின் வேரிலிருந்து பெயர் பெற்றது, 1968இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்கருகே தோன்றிய ஹவூரத் ஷாலோம் என்னும் சிறு குழு. பெருந்தொழுகைக் கூடங்களில் ஒருவரையொருவர் அறியாது அமர்ந்திருக்க மனமொவ்வாத இளைஞர்கள், அங்கே வட்டமாக அமர்ந்து கற்றனர், வழிபட்டனர், உடனிருந்து உண்டனர்.