நாளைக்கு ஒரு வேலை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முதுமையில் மனம் தளராதிருப்பது எப்படி என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். எழுபத்து நான்கு வயதைக் கடந்தவன் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆகவே, கண்டதையும் பட்டதையும் மட்டும் சொல்லி அமைகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் குளப்படியில் வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்தது, நான்கு திங்கள் படுக்கை. சாளரத்தின் வழியே நெல்லியாம்பதி மலைகள் தெரியும். மழை பெய்தால் அவற்றின் சரிவில் அருவிகள் வெள்ளிக் கம்பிகளாய் இறங்கும். அதைக் காண எங்கெங்கிருந்தோ கொல்லங்கோட்டிற்கு மக்கள் வருகின்றனர். எனக்கோ அது கண்ணில் படவில்லை. மீண்டும் நடப்பேனா, வெளியூரிலுள்ள பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடுவேனா என்பதே நினைவு. வலி இரவில் சற்றுத் தணியும். அச்சமோ இரவில்தான் வளரும். பார்க்க வந்தோர் அனைவரும், ‘நம்பிக்கையோடு இருங்கள்’ என்றனர். அன்பினால்தான் கூறினர். ஆனால் அந்தக் கட்டளைக்கு மனம் கீழ்ப்படியவில்லை.

ஒரு மாலை, அடுத்த தெருச் சிறுவன் ஒருவன் பழைய கடிதக் கட்டோடு வந்தான். காலஞ்சென்ற அவன் பாட்டனார் எழுதியவை. வீட்டில் தமிழ் பேசுபவன். பள்ளியில் மலையாளம் படிப்பவன். தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. ‘இதை வாசித்துச் சொல்வீர்களா தாத்தா?’ என்றான். ஒரு கடிதத்தை வாசித்தேன். முடிவதற்குள், ‘எனக்கே வாசிக்கச் சொல்லிக் கொடுங்கள், நாளைக்கு வருகிறேன்’ என்றான்.

அன்றிரவும் வலி இருந்தது. ஆயினும் ‘அ’விலிருந்து தொடங்குவதா, எழுத எளிதான ‘ட’, ‘ப’, ‘ம’விலிருந்து தொடங்குவதா என்பதே என் சிந்தனையாயிற்று. நாளையை எண்ணி நடுங்கியவன், நாளைக்காகக் காத்திருக்கலானேன்!

அன்பர்களே! திருவள்ளுவர் அதிகாரங்களை அடுக்கியிருக்கும் முறையைப் பாருங்கள். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய மூன்றையும் கூறிய பிறகே 63-ஆம் அதிகாரமாக இடுக்கணழியாமையை வைத்தார். முயற்சி முன்னே செல்கிறது. கலங்காமை அதன் பின்னே வருகிறது. துணிவு வந்த பிறகு வேலை செய்வோம் என்று நாம் காத்திருக்கிறோம். வேலை செய்தால் துணிவு வரும் என்பதே அவ்வரிசையில் நான் கண்ட பொருள்.

நம் பாலக்காட்டு மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. 1896-இல் பிறந்த செம்பை வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரலை அறியாதார் யார்? பாடகருக்குக் குரலே செல்வம். புகழின் உச்சியை எட்டிய பின்னர் ஒரு காலத்தில் அக்குரலே அவரைக் கைவிட்டது. பின்பு குரல் மீண்டது. குருவாயூரப்பன் அருள் என்று அவர் நம்பினார். மீண்டதை இழந்துவிடுவோமோ என்று அஞ்சி அவர் ஒடுங்கவில்லை. பாடினார், பாடிப் பெற்றதைக் கோயிலுக்கு வழங்கினார், யேசுதாஸ் போன்ற மாணாக்கர்களுக்குக் கற்பித்தார். 1974 அக்டோபர் 16-ஆம் நாள் ஒற்றப்பாலத்தில் ஒரு கோயிலில் பாடி முடித்த பின்னரே அவர் உயிர் பிரிந்தது.

தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையரையும் எண்ணிப் பாருங்கள். 1919-இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். குறுந்தொகைப் பதிப்பை அவர் வெளியிட்டது 1937-இல். அப்போது வயது 82. ‘என் சரித்திரம்’ வார இதழில் வெளிவரத் தொடங்கியபோது அகவை 85-ஐ நெருங்கியிருந்தது. முடிப்போமா என்று ஐயுற்றிருந்தால் தொடங்கியிருக்கவே மாட்டார். 1942-இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. எனினும் எழுதிய வரையில் அது தமிழின் செல்வமாய் நிற்கிறது.

பெரியோர் கதை நமக்கு எட்டாது என்பீர்களானால், நம் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரளத்தோடு இணைந்தது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய என் தந்தையாருக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லையாம். நம் மொழி என்னாகும், எல்லைக்கு அப்பாலுள்ள உறவு என்னாகும் என்ற கலக்கம். ‘மறுநாள் காலையில் என்ன செய்தீர்கள்?’ என்று பின்னாளில் கேட்டேன். ‘மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வயலுக்குப் போனேன், வேறென்ன செய்வது?’ என்றார். அதனினும் சிறந்த விடையை நான் எந்நூலிலும் கண்டதில்லை.

என் அச்சம் அடியோடு நீங்கிவிட்டதா என்றால், இல்லை. குளப்படியைக் கண்டால் இன்றும் கால் நடுங்குகிறது. ஊன்றுகோலோடுதான் இம்மேடை ஏறினேன். ஆனால் மாலை ஐந்து மணிக்கு என் திண்ணையில் ஒருவன் வந்து அமர்வான் என்பது தெரியும். இப்போது பாட்டனார் கடிதங்களை அவனே வாசிக்கிறான். அங்கங்கே தடுமாறுகிறான், குற்றம் அவனுடையதன்று, பாட்டனார் கையெழுத்து அத்தகையது!

மூத்தோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆளுக்கு ஒரு குழந்தை, நாளுக்கு ஒரு மணி நேரம், அவ்வளவே. எழுந்து நடக்க இயலாதவர்க்கும் கதை சொல்ல நாவுண்டு. பிழை திருத்தச் செவியுண்டு. இளைஞர்களே, உங்கள் வீட்டு முதியவரிடம் ‘கவலைப்படாதீர்கள்’ என்று சொல்வதோடு நில்லாது, ‘இதைக் கற்றுக் கொடுங்கள், நாளைக்கு வருகிறேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி வாருங்கள்.