குடிக்கூலி உதவி எவர் மடிக்கு?



வாடகை என்பது வடசொல்வழி வந்தது என்பர். தமிழில் குடிக்கூலி என்னும் செவ்விய சொல் உண்டு. குடியிருத்தற்குத் தரும் கூலி. பொருள் வெளிப்படையாகவே நிற்கிறது. உழைப்பவன் தான் பெற்ற கூலியைத் தன் தலைமேல் கூரை நிற்பதற்காகப் பிறனுக்குக் கூலியாகத் தருகிறான். பெறும் கூலி குறைந்து தரும் கூலி ஏறும்பொழுது அரசு செய்யத்தக்கது யாது? இவ்வினாவிற்குப் பிரித்தானியா நூறாண்டுக்கு மேலாக விடை தேடி வருகிறது.

1915-இல், முதல் உலகப் போரிடையே, இசுக்காட்டுலாந்தின் கிளாசுகோ நகரில் கப்பல் கட்டுவோரும் படைக்கலம் செய்வோரும் வந்து குவிந்தனர். வீட்டுரிமையாளர் குடிக்கூலியை ஏற்றினர். ஆடவர் பலர் போர்க்களத்தில் இருந்தனர். எதிர்த்து நின்றோர் பெண்டிரே. மேரி பார்பர் என்னும் அம்மையார் அவர்களைத் திரட்டினார். குடும்பத்தை வெளியேற்ற ஆள் வந்தால் ஒருத்தி மணியடிப்பாள். தெருப்பெண்டிரெல்லாம் ஓடிவந்து வாயிலை அடைத்து நிற்பர். வந்தவர்மேல் மாவை அள்ளி வீசியதும் உண்டு. நவம்பர் 17-இல் பெருங்கூட்டம் வழக்குமன்றத்தைச் சூழ்ந்தது. அவ்வாண்டு முடியுமுன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று: சிறு வீடுகளின் குடிக்கூலி, போர் தொடங்கிய 1914-இன் அளவுக்குமேல் ஏறலாகாது. எந்த வள்ளலும் இரங்கித் தந்ததன்று அது!

பின்னர் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் ஞாயக் குடிக்கூலியை வரையறுக்க அலுவலரை அமர்த்தியது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் வீட்டில் வாழும் ஏழையர்க்கும் உதவித்தொகை தந்தது. வரம்பு ஒரு கால், உதவி மறுகால். தாச்சர் அம்மையாரின் அரசு 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முதற்காலை வெட்டியது. புதிதாய்க் குடிபுகுவோர்க்கு வரம்பு நீங்கிற்று. ஏறும் கூலியை உதவித்தொகை தாங்கிக்கொள்ளும் என்றனர் ஆட்சியாளர். தாங்கியது எவர் பணம்? மக்களின் வரிப்பணம். அஃது ஏழையின் பெயரால் புறப்பட்டு, அவன் கைவழியே ஓடி, வீட்டுரிமையாளன் மடியில் விழுந்தது.

செலவு பெருகியதும் அரசு குடிக்கூலியைக் குறைத்ததா? இல்லை, உதவியைக் குறைத்தது. 2008 முதல், ஒரு வட்டாரத்துக் குடிக்கூலிகளை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பதே உதவியின் உச்சமாக இருந்தது. 2011-இல் அதை நூற்றில் முப்பதாவதாக நிற்பதற்கு இறக்கினர். 35 அகவை நிரம்பாத தனியாள் எனின், பலர் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்குரிய கூலியே கணக்கு. அந்தத் தொகையையும் 2016 முதல் நான்காண்டு உயர்த்தாது வைத்தனர். 2020-இல் உயர்த்தி, மீண்டும் 2024 வரை அசையாது நிறுத்தினர். சந்தைக் குடிக்கூலியோ நிற்கவில்லை. குறைந்த பணத்தை ஏழைத்தாய் அடுப்பிலிருந்தன்றோ எடுக்கவேண்டும்? உதவி பெறுவோர்க்கு வீடில்லை என விளம்பரம் செய்தோரும் பலர். அங்ஙனம் விலக்குவது சட்டத்துக்குப் புறம்பென்று இங்கிலாந்து வழக்குமன்றம் ஒன்று 2020-இல் தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஞாயக் குடிக்கூலியை வரையறுக்க இடமிருந்தது. 2017-இல் இயற்றப்பெற்று 2019-இல் நடைமுறைக்கு வந்த புதுச்சட்டம் அதை நீக்கி, இருவரும் உடன்படுவதே கூலி என்றது. சென்னையில் ஒற்றையறைக்கு அலையும் கொத்தனும் பத்து வீடுடையவரும் ஒத்த நிலையில் நின்று உடன்படுவராம்! இலண்டன் ஏழைக்கு முதற்கால் போனபின்னும் மறுகால் தேய்ந்தேனும் இருக்கிறது. இங்கே, தனியார் வீட்டில் குடியிருக்கும் ஏழைக்குப் பொதுவான உதவித்தொகை இல்லை. இருந்த வரம்பும் போயிற்று.