நீரிழிவும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக்காக எடுக்கும் விழாவில் மாத்திரையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் எனக் கணக்கிட்டது. இது செல்வர் நோய் என்ற காலம் மலையேறிவிட்டது. அரசு மருத்துவமனையில் மெட்ஃபார்மின் மாத்திரையை விலையின்றிப் பெற்று வருகிறவர், வழியில் மருந்துக் கடையில் நின்று, ‘ஆன்ட்டி-ஆக்சிடன்ட்’ என்று அச்சிட்ட புட்டி ஒன்றுக்குத் தம் கூலிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார். விலையில்லாமல் கிடைப்பது தாழ்ந்தது, விலை கொடுத்து வாங்குவது உயர்ந்தது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அந்தப் புட்டி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை எடுத்துரைக்கவே வந்தேன்.

அடுப்பெரியும்போது பொறி தெறிப்பது இயல்பு. அதுபோல, உணவு உயிர்வளியோடு கூடி ஆற்றலாக மாறும்போது, உயிரணுக்களுக்குள் தீங்கு செய்யவல்ல சில துகள்கள் தோன்றுகின்றன. அவற்றை அடக்கும் காவலும் உடலுக்குள்ளேயே உண்டு. குருதியில் சர்க்கரை மிகும்போது பொறிகள் பெருகுகின்றன, காவல் தளர்கிறது, கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் நுண்குழாய்கள் கெடுகின்றன. அமெரிக்க மருத்துவர் மைக்கேல் பிரவுன்லி 2001-ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். வைட்டமின் சி, வைட்டமின் ஈ போன்றவை இப்பொறிகளை அணைப்பன. ஆகவே அவற்றை மாத்திரையாக விழுங்கினால் நோயின் கேடுகள் விலகும் அன்றோ? வாதம் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆயின், மனித உடலில் சோதித்துப் பார்க்காத வாதம் வாதமாகவே நிற்கும்.

சோதித்தும் பார்த்தார்கள். கேரளத்தில் பிறந்து கனடா நாட்டில் பணியாற்றிய மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் ‘ஹோப்’ என்னும் பேராய்வு நடைபெற்றது. 9,000-க்கும் மேற்பட்டோர் அதில் பங்கு கொண்டனர்; அவர்களுள் 3,500-க்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர். ஒரு சாராருக்கு நாள்தோறும் 400 அலகு வைட்டமின் ஈ. மற்றவர்க்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரை. யார் எதை உண்கிறார் என்பது உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் கழித்து 2000-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் நேரும் இறப்பு ஆகிய எதிலும் பயன் காணப்படவில்லை. நீரிழிவு உடையோரைத் தனியே எடுத்து நோக்கியபோதும் அதுவே முடிவு. அதே மக்களுள் பலரை மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005-இல் வெளியிட்ட அறிக்கையில், வைட்டமின் ஈ உண்டவரிடையே இதயம் வலுவிழத்தல் சற்றுக் கூடுதலாக இருந்தது.

‘நன்மை இல்லாவிடினும் தீமை இல்லையே’ என்று சொல்வோர்க்கு வேறு சான்றுகளும் உண்டு. பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பீட்டா கரோட்டின் உண்டவரிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. அமெரிக்க ஆய்வொன்றில் நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம் நெடுங்காலம் உண்டவரிடையே நீரிழிவே மிகுதியாகத் தோன்றியதாக 2007-இல் அறிவித்தனர். ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2009-இல் கண்டது இன்னும் வியப்பானது. உடற்பயிற்சி செய்த இளைஞர்களில், வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைச் சேர்த்து உண்டவர்க்கு, இன்சுலினுக்கு உடல் நன்கு இணங்கும் அந்தப் பயிற்சிப் பயன் கிட்டாமற் போயிற்று! பயிற்சியின்போது எழும் சிறு பொறிகளே உடலின் காவலைத் தூண்டி எழுப்புகின்றன போலும். எல்லாப் பொறியையும் அணைத்துவிட்டால் அடுப்பும் அணையுமல்லவா?

கால் எரிச்சலுக்கு ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் நல்லதா என்று பலர் கேட்கின்றனர். இதனை முற்றாகத் தள்ளிவிட இயலாது. நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வீதம் ஐந்து வாரம் உண்டோர்க்கு எரிச்சலும் வலியும் குறைந்தன என 2006-இல் ஓர் ஆய்வு கூறிற்று. ஆனால் நான்கு ஆண்டுகள் நீண்ட மற்றோர் ஆய்வு 2011-இல் வெளிவந்தபோது, முதன்மை அளவுகோலில் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சில காலம் உண்டு பார்க்கலாம். தாமாக வாங்கி ஆண்டுக்கணக்கில் உண்பது வீண் செலவு என்பதே என் துணிபு. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் வைட்டமின் சி, ஈ, கரோட்டின் மாத்திரைகளை நீரிழிவு உடையோர்க்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

அப்படியானால் நெல்லிக்காயும் முருங்கைக் கீரையும் வேண்டாமா? அவை வேண்டும். காயிலும் கீரையிலும் நார்ப்பொருளும் பிற சத்துகளும் கலந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பிரித்து மிகையாக அடைத்த மாத்திரை காயாகிவிடாது. காயும் கனியுமாக நாளொன்றுக்கு 400 கிராம் வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். புட்டியின் விலைக்கு எத்தனை நாள் கீரை வாங்கலாம் என்பதைத் தாய்மார்கள் என்னைவிட நன்கு கணக்கிடுவர். வயலிலும் துப்புரவுப் பணியிலும் நிற்கும் கால்களுக்கு உறுதியான செருப்பு ஒன்று வாங்குவதும் மருத்துவச் செலவே. உணர்ச்சி மரத்த காலில் முள் தைத்தாலும் தெரியாது. புண் முற்றிய பின்னரே தெரியும்.

மாணவர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டிலுள்ள புட்டிகளின் மேலெழுத்தைப் படித்துப் பாருங்கள். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பெற்றோர்க்குப் பொருள் சொல்லுங்கள். புட்டியை நம்பி மெட்ஃபார்மினை நிறுத்தியிருந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வைட்டமின் சி மிகையாக உண்போர்க்குச் சில சர்க்கரை அளவு மீட்டர்கள் தவறான அளவைக் காட்டக்கூடும் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேட்டுப் பெறவேண்டிய வைட்டமின் ஒன்று உண்டு. அது இந்த வகையைச் சேர்ந்ததன்று. மெட்ஃபார்மினைப் பல்லாண்டு உண்போருள் சிலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது. கால் மரத்தலுக்கு அக்குறையும் காரணமாகலாம். எளிய குருதிச் சோதனையில் அது தெரிந்துவிடும். அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது அதனைக் கேளுங்கள்.