அகதியை உண்டாக்கியது விதியா, சட்டமா?

(பிளவக்கல் பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டுமென்று குறிக்கப்பட்டிருக்கும் விஷயம் அகதிகள் நிலைமை என்பதாகும். "அணைத் தண்ணீரைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசாமல், எங்கேயோ இருக்கிற அகதியைப் பற்றி நமக்கு என்ன பேச்சு?" என்று சிலர் நினைக்கக்கூடும். அவர்கள் எங்கேயோ இருப்பவர்கள் அல்ல. இராஜபாளையத்தை ஒட்டி மொட்டமலையில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது நீங்கள் அறியாததல்ல. அந்த முகாம் நமது பக்கத்தில் எப்படி வந்தது, ஏன் இன்னமும் முகாமாகவே இருக்கிறது என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

முதலில் உலக நிலைமையைப் பாருங்கள். ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் இலாகா கணக்குப்படி, 2024-ஆம் வருஷ முடிவில் வீடு வாசலை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் 12 கோடிக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொந்த நாட்டிற்குள்ளேயே ஊர் விட்டு ஊர் ஓடினவர்கள். எல்லை தாண்டியவர்களையாவது பணக்கார தேசங்கள் தாங்குகின்றனவா என்றால், அதுவும் இல்லை. பெரும்பாலோரை ஏழை நாடுகளும் நடுத்தர நாடுகளுமே தாங்குகின்றன. 2017-இல் பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட 7 லட்சத்துக்கு மேற்பட்ட ரோகிங்கியா மக்களுக்கு இடம் கொடுத்தது அமெரிக்காவா? பிரிட்டனா? கஞ்சிக்கே கஷ்டப்படும் வங்காள தேசம்தான்.

இதற்கெல்லாம் நமது பெரியவர்கள் சொல்லும் காரணம் என்ன? "தலைவிதி, போன ஜன்மத்துப் பாவம்" என்பதாகும். தோழர்களே! 12 கோடிப் பேருக்கும் ஒரே மாதிரி விதி எழுதிய அந்தப் பிரம்மா யார்? கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், அந்த விதியில் கையெழுத்துப் போட்டவர்களின் பெயரும் தேதியும் உள்பட நமக்குக் கிடைத்துவிடும்.

கூலிக்குப் போனவர்கள்

வெள்ளைக்காரத் துரைமார்கள் இலங்கையில் காப்பித் தோட்டமும், பிறகு தேயிலைத் தோட்டமும் போட்டார்கள். அதற்கு ஆள் எங்கிருந்து போயிற்று? நமது இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்துதான். மழை பொய்த்த கரிசல் காட்டில் பஞ்சம் வந்தபோது கங்காணி வந்தான். முன்பணம் கொடுத்தான். அந்தக் கடனைத் தலையில் கட்டினான். கடன் தீர்ந்தாலொழிய தோட்டத்தை விட்டு நகர முடியாது. மண்டபம் முகாமில் அடைத்து வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்துக் கப்பல் ஏற்றினார்கள். கப்பல் ஏற்றியது கடவுளா? கங்காணியா?

காட்டை அழித்து மலையைத் தோட்டமாக்கியவர்கள் இவர்கள். அதற்குக் கிடைத்த கூலி என்ன? இலங்கை 1948 பிப்ரவரியில் சுதந்திரம் அடைந்தது. அதே வருஷத்தில் குடியுரிமைச் சட்டம் என்று ஒன்றைச் செய்து, ஏறக்குறைய 7 லட்சம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கினார்கள். அடுத்த வருஷத்திலேயே ஓட்டும் போயிற்று. நேற்று வரையில் ஓட்டுப் போட்டவன் இன்று அன்னியன்! தேயிலை மாத்திரம் அன்னியமாகவில்லை.

பிறகு 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. பாக்கி 1,50,000 பேர் பிற்பாடு பேசிக்கொள்வதற்கு. அந்தப் பாக்கியையும் 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுமந்தையைப் பங்கு போடும்போதுகூட எது பால் கறக்கும் ஆடு, எது நோய் பிடித்த ஆடு என்று பார்த்துப் பிரிப்பார்கள். இங்கே மனிதர்களைப் பிரித்தபோது, அவர்களில் ஒருவரையாவது ஒப்பந்த மேஜைக்கு அழைத்து, "உனக்கு எங்கே இருக்க இஷ்டம்?" என்று கேட்டதுண்டா?

ஓடி வந்தவர்கள்

1983 ஜூலையில் கொழும்பிலும் மற்ற இடங்களிலும் தமிழர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள்; வீடுகளைக் கொளுத்தினார்கள். அது முதல் 2012 வரையில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தார்கள். படகுக்குக் கொடுக்க நகையை விற்றவர் உண்டு. கடலில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் உண்டு. அணை நிரம்பினால் மடையைத் திறந்தாக வேண்டும். குண்டு விழுந்தால் மனிதன் ஓடியாக வேண்டும். இதில் குற்றம் என்ன இருக்கிறது?

அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியார், முன்னே சொன்ன தோட்டத் தொழிலாளர்களின் சந்ததியார். அதாவது, பாட்டன் நமது ஜில்லாவிலிருந்து கப்பல் ஏறினான். பேரன் படகில் திரும்பி வந்தான். பாட்டன் போனபோது அவனைக் கூலி என்றோம். பேரன் வந்தபோது அவனை அகதி என்கிறோம். சட்டமோ அவனைச் "சட்ட விரோதக் குடியேறி" என்றது. 2003-இல் இலங்கை சர்க்காரே அங்கு எஞ்சியிருந்த நாடற்ற மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது. நம்மை நம்பி வந்தவன்தான் நடுத்தெருவில் நிற்கிறான்.

2021-ஆம் வருஷக் கணக்குப்படி, நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருந்தவர்கள் 58,000 பேருக்கு மேல். அவ்வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகள் கட்ட முற்பட்டது. "அகதி முகாம்" என்ற பெயரையும் "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. இது பாராட்டத் தக்கதேயாகும். ஆனால் குடியுரிமை கொடுக்கும் அதிகாரம் டில்லியில் இருக்கிறதே தவிர, சென்னையில் இல்லை. வீடு கிடைக்கலாம், நாடு கிடைக்கவில்லை. முகாமிலே பிறந்து, இங்கேயே படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைக்கு சர்க்கார் உத்தியோகம் இல்லை, ஓட்டு இல்லை. ஆதலால் பட்டதாரியும் சுவருக்கு வர்ணம் அடிக்கும் கூலிக்குத்தான் போகிறான்.

மதம் பார்க்கும் சட்டம்

இந்தியா 1951-ஆம் வருஷத்து உலக அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. இந்நிலையில் 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானம், வங்காள தேசம் ஆகிய மூன்று தேசங்களிலிருந்து 2014 முடிவுக்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியவர்களுக்கு வழி திறந்தார்கள். முஸ்லிமுக்கு இல்லை. சரி, இந்துக்களுக்காகவே செய்த சட்டம் என்று வைத்துக்கொள்வோம். இலங்கையிலிருந்து வந்த தமிழரில் பெரும்பாலோர் இந்து என்றுதானே எழுதப்பட்டிருக்கிறார்கள்? அவர்களுக்கு ஏன் இல்லை? "இந்துக்கள் எல்லாம் ஒன்று" என்று மேடைதோறும் பேசுகிறவர்களை இந்த ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அடிபட்டவனைப் பார்த்து, "காயம் எங்கே?" என்று கேட்காமல், "நீ எந்த மதம்?" என்று கேட்கும் வைத்தியனிடம் யாராவது போவோமா?

2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார், 2015 ஜனவரி 9 வரையில் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அன்னியர் சட்டத்தின் தண்டனைப் பிரிவிலிருந்து விலக்கு அளித்தது. நல்லதுதான். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு. உரிமை உண்டு என்பது வேறு. ஜெயிலுக்குப் போகாமலிருப்பதே ஒரு மனிதனுக்குப் போதுமா?

கூலியைக் குறைப்பவர் யார்?

"இவர்கள் வந்து நமது கூலியைக் குறைத்துவிட்டார்கள்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. குறைப்பது யார் என்று யோசியுங்கள். முகாம்காரன் தானாகவா "எனக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடு" என்று கேட்கிறான்? "இவனுக்கு ஓட்டில்லை, சங்கமில்லை, கேட்க நாதியில்லை" என்று தெரிந்த காண்டிராக்டர் குறைக்கிறான். அவனுக்கும் நமக்கும் ஒரே கூலி என்று நாமே நின்று கேட்டால், அவன் வயிறும் நிறையும், நமது கூலியும் இறங்காது. உரிமை இல்லாத ஒருவன் பக்கத்தில் இருக்கும் வரையில் நமது உரிமைக்கும் பத்திரமில்லை.

ஆகையால் தோழர்களே! நான் உங்களிடம் பரிதாபத்தைக் கேட்கவில்லை. பழந்துணியும் பண்டிகைச் சோறும் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொள்ளச் சொல்லவும் இல்லை. நியாயத்தைக் கேட்கிறேன். முகாம் ஆளுக்குக் கூலியில் ஒரு காசும் குறைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் "அகதி" என்பதை வசவுச் சொல்லாகப் பேசும் வழக்கத்தை நமது வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து ஒழிக்க வேண்டும். நமது ஓட்டைக் கேட்டு வரும் பார்லிமெண்டு அபேட்சகர்களை, "இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை வாங்கித்தர என்ன செய்வீர்கள்?" என்று நேரில் கேட்க வேண்டும். அவர்களுக்கு ஓட்டில்லை, நமக்கு இருக்கிறது. ஆதலால் அந்தக் கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள் நாம்தான்.

மனிதன் எழுதிய சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கிற்று. மனிதன் எழுதும் சட்டமே இவர்களை நாட்டினராக்கவும் கூடும். இதில் விதிக்கு வேலையில்லை. நமக்குத்தான் வேலை இருக்கிறது.