எலும்பைக் கரைத்துத்தான் முட்டை வர வேண்டுமா?



நாமக்கல் என்றால் முட்டை என்கிறார்கள். பெருமைதான். அந்த முட்டைக்காகக் கோழி என்ன கொடுக்கிறது என்று நாம் பார்க்க வேண்டாமா?

ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். கூண்டுக் கோழி வருடத்துக்கு 300 முட்டை இடுகிறது. ஓடு இறுகுவது ராத்திரியில். அந்த நேரம் குடலில் சுண்ணாம்புச் சத்து பத்தாவிட்டால், கோழி தன் எலும்பைக் கரைத்து ஓட்டுக்குக் கொடுக்கும். கூண்டுக்குள் நடக்கவும் முடியாது, சிறகடிக்கவும் முடியாது. அப்புறம் எலும்புக்கு உறுதி எங்கிருந்து வரும்?

பிரிட்டனில் 1989-ல் வந்த ஆய்வில், வெட்டுக்குப் போன கூண்டுக் கோழிகளில் 100-க்கு 29-க்குப் புதிதாக எலும்பு முறிந்திருந்தது. டென்மார்க்கில் 2021-ல் வந்த ஆய்வில் 100-க்கு 85 கோழிக்கு நெஞ்செலும்பு முறிவு. அதில் கூண்டில்லாத கொட்டகைகளும் உண்டு. ஆக, கூண்டை எடுத்தால் மட்டும் தீராது. சின்ன உடம்பு, பெரிய முட்டை, சீக்கிரமே முட்டைக்கு விடுவது, இவையும் காரணம்.

நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். கிளிஞ்சலை மாவாக மட்டும் போடாமல், குருணையாகச் சாயங்காலத் தீவனத்தில் சேர்ப்போம். அது மெல்லக் கரைந்து ராத்திரிக்கு உதவும். கழிக்கும் கோழியை ஒற்றைக் காலில் இழுக்க விடாமல், இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்வோம்.

ஆனால் பாரம் முழுதும் நம் தலையிலா? அறிவித்த விலைக்குக் கீழே பேரம் பேசி முட்டையை ஏற்றிப் போகிறார்கள். தீவன விலையோ ஏறுகிறது. கைக்காசு தீர்ந்தால் பண்ணைக்காரன் எதில் கைவைப்பான்? தீவனத்தில்தான்! அங்கே குறைந்தது கோழியின் எலும்பில் தெரியும்.

கூண்டுக் கோழி பற்றி இந்தியச் சட்ட ஆணையம் 2017-லேயே 269-வது அறிக்கை கொடுத்தது. இடத்தை அகலப்படுத்த நாம் மறுக்கவில்லை. கடனுதவி இல்லாத கட்டளை சிறு பண்ணையை மூடத்தான் உதவும்.

எனவே நாம் கேட்பது:

1. அறிவித்த விலை பண்ணை வாசலில் கிடைக்க வேண்டும்.
2. தீவனம், கிளிஞ்சல் தரத்தைச் சிறு பண்ணைகளுக்கு இலவசமாகச் சோதித்துத் தர வேண்டும்.
3. கூண்டு மாற்றக் குறைந்த வட்டிக் கடன் வேண்டும்.

கோழியின் எலும்பும் முறியக் கூடாது! உழைப்பவன் முதுகெலும்பும் முறியக் கூடாது! ஒன்றுபடுவோம், வாரீர்!