ஐ.சி.டி. வைக்கும் முன்

இதயச் செயலிழப்பு உள்ள சிலருக்கு, தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஐ.சி.டி. என்ற கருவியை வைக்கலாம் என்பார் டாக்டர். துடிப்பு தாறுமாறானால் அது மின்அதிர்ச்சி கொடுத்து உயிரைக் காப்பாற்றும். ஆனால் மூச்சிரைப்பையோ கால் வீக்கத்தையோ அது குறைக்காது. அதை வைத்தால் மூச்சிரைக்காமல் மாடிப்படி ஏறிவிடலாம் என்று நம்பிச் சம்மதக் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அதிர்ச்சி விழும்போது நெஞ்சில் உதைத்தாற்போல் வலிக்கும். நோய் முற்றும் காலத்தில், அறுவைச் சிகிச்சை இல்லாமலே அந்த அதிர்ச்சியை மட்டும் நிறுத்திவைக்கவும் முடியும். இதைப் பற்றி டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலும் மகன்தான் டாக்டரிடம் பேசுவார். நோயாளியான அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தயவுசெய்து அவரையும் உள்ளே அழைத்துப் போங்கள். அவருக்கு எது முக்கியம் என்று அவரையே கேளுங்கள். ராத்திரி எழுந்து அவருக்குத் தலையணையை உயர்த்திவைக்கும் அம்மாவும் பேசட்டும்.