பெரியப்பாவின் கீர்த்தனைகளும் நம் ஜாதகங்களும்

(திருப்பதியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சித்தூரில் எங்கள் கூட்டுக் குடும்பத்தில் ஒரு பெரியப்பா இருந்தார். கீர்த்தனைகள் தாமே இயற்றிப் பாடுவார். முப்பது வயதுக்கு மேல், யாரோ தம்மை ஏசுவதாகச் சொல்லி ராத்திரி முழுவதும் பதில் பேச ஆரம்பித்தார். அக்கம்பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் "பிச்சி" என்றார்கள். வீட்டுக்கு வந்தவர்களிடம் நாங்கள், "மகா வித்வான், அப்படித்தான் இருப்பார்" என்போம். பெண் பார்க்க வந்தவர்களிடம் மட்டும் அப்படி ஒருவர் இருப்பதையே சொல்லமாட்டோம். இந்த இரண்டும் எவ்வளவு சரி என்று விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் பார்க்க நினைக்கிறேன்.

கும்பகோணத்து எழுத்தாளர் எம்.வி.வெங்கட்ராம் (1920–2000) பதினாறு வயதிலேயே 'மணிக்கொடி'யில் எழுதியவர். பிற்காலத்தில் பல ஆண்டுகள் காதுக்குள் குரல்கள் கேட்டு அவதிப்பட்டார். அந்த அனுபவத்தைக் கருவாக்கிய 'காதுகள்' நாவலுக்கு 1993-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. நோய் வந்ததால்தான் நாவல் வந்தது என்பார்கள். எனக்குச் சம்மதமில்லை. எழுத்து முன்னால் வந்தது, குரல்கள் பின்னால் வந்தன.

மனச்சிதைவு நோய் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வருகிறது. தாய் தகப்பனாரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வர வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று. மீதி ஒன்பதை நம் ஜனங்கள் எண்ணுவதே இல்லை! பெரியப்பாவுக்கு இருந்தால் வாய்ப்பு இன்னும் குறைவு.

இந்நோய் உள்ளவர்களுக்குக் குழந்தைகள் குறைவாகவே பிறக்கின்றன. டார்வின் கணக்குப்படி இதற்கான மரபணுக்கள் எப்போதோ மறைந்திருக்க வேண்டாமா? ஏதோ ஒரு நன்மையும் கூடவே இருக்கவேண்டும் என்று ஜூலியன் ஹக்ஸ்லி முதலியோர் 1964-லேயே எழுதினார்கள். 2011-ல் ஸ்வீடனில் சுமார் 3 லட்சம் மனநோயாளிகளையும் அவர்கள் உறவினரையும் ஆராய்ந்தார்கள். மனச்சிதைவு உள்ளவர்களின் நோயில்லாத உடன்பிறந்தோர்தாம் கலை, விஞ்ஞானத் தொழில்களில் அதிகம் காணப்பட்டனர். 2015-ல் ஐஸ்லாந்தில், கலைஞர் சங்க உறுப்பினர்களிடம் இந்நோய்க்கான மரபணு மாறுபாடுகள் சற்றே கூடுதல் என்று கண்டார்கள். சற்றே என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பத்திரிகைகள் அதை விட்டுவிட்டன. 2022-ல் வெளியான பெரிய ஆய்வு, நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை மரபணுத் தொகுதியில் காட்டியது. ஒவ்வொன்றின் பலமும் அற்பம். ஆகவே இயற்கைத் தேர்வின் சல்லடையில் நழுவிவிடுகின்றன. அவற்றில் சில இங்கே உட்கார்ந்திருக்கும் நம் எல்லோரிடமும் உண்டு. எந்த கோத்திரமும் விலக்கல்ல.

ஆக, பெரியப்பாவின் நோயை வித்வத்தின் விலை என்று சொல்லி வைத்தியம் பார்க்காமல் விட்டது எங்கள் தப்பு. மறைத்தது அதைவிடப் பெரிய தப்பு. அதன் பலனை அடுத்த தலைமுறையில் பார்த்தேன். எங்கள் உறவில் ஒரு பெண், மாத்திரையில் நன்றாக இருந்தவள். சொல்லாமல் கல்யாணம் செய்தோம். மாமியார் பார்த்துவிடுவாரோ என்று மாத்திரையை நிறுத்தினாள். மூன்றே மாதத்தில் ஆஸ்பத்திரி. அந்த ஜாதகத்தை இரு பக்கமும் எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்தம் பார்த்தவன் நான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டார்; நியாயம்தான். அவர் சம்சாரம் மட்டும், "முதலிலேயே சொல்லியிருந்தால் நானே நேரத்துக்கு எடுத்துக் கொடுத்திருப்பேனே" என்றார்.

யாரிடம் கேட்பது என்று தயங்குகிறவர்களுக்கு, 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இலவசத் தொலைபேசி எண் 14416. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

அந்தப் பெண்ணின் மாத்திரை டப்பா இப்போது சமையலறை அலமாரியில், காபிப்பொடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.